மாலையும் கழுத்துமாக நடந்தே வந்தோம்

போன வருடம் என் கணவர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் அது. நெய்வேலி டவுன்ஷிப்பில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை போட்டுப் பாராட்டி முடித்ததும் குடும்பத்தோடு பூ கட்டிய காரில் ஏற்றி, கூட வேலை பார்த்தவர்கள் பைக்கில் பின்னால் வர, குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். காரை ஓட்டுவது நெருங்கிய நண்பராக இருக்க வேண்டும். அப்படி ஓட்டுவது அந்த நண்பருக்கு மரியாதை.

எங்களுக்கு ஓட்ட வந்தவர் என் கணவருக்குத் தம்பி மாதிரி. மந்தாரக்குப்பத்தில் மதிய விருந்தை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கார் கதவை எனக்குத் திறந்துவிட்டபோதே குடி வாடை அடித்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் அதற்குள் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இதே ஆள், இதே வாடை. மூன்று வருடத்துக்கு முன்பு குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, எப்படிச் சொல்வது என்று சங்கடப்பட்டுக்கொண்டு இவர் வண்டியில் ஏறினேன். வளைவில் கார் பள்ளத்தில் இறங்கி, என் கணவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாடு குறுக்கே வந்ததாக எல்லோரிடமும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

மகளைக் கீழே இறங்கச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒரே ஒரு பீருதான் அண்ணி. கொஞ்சம் இருக்கலாம்னு சட்டமே சொல்லுது. நான் லிமிட்டுக்குள்ளதான் இருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். இவர்கள் யாரும் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் இல்லை. சுரங்க கேட்டில் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் மிஷினில் ஊத வேண்டும், துளி காட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் விடிகாலை முதல் ஷிப்ட் என்றால் முந்தின நாளே பாட்டிலைத் தொடமாட்டார்கள். துளிகூடக் கூடாது என்றால் கணக்குப் போட வழியில்லை. ரோட்டில் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை ஆளாளுக்குத் தன் இஷ்டப்படி அளந்துகொள்கிறார்கள்.

"அப்ப வாங்க தம்பி, மைன்ஸ் கேட்டுல போய் ஊதிக் காட்டுங்க. மிஷின் ஒண்ணும் காட்டலைன்னா, நானே முன்சீட்டுல உக்காந்து வர்றேன்."

அவர் கேட் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வேறு யாராவது ஓட்டட்டும் என்றால், மற்றவர்களும் அதே விருந்திலிருந்து வந்தவர்கள்தான். பைக்குகளைப் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மானத்தை வாங்காதே என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டுப்புடவையோடு மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கழுத்தில் மூன்று மாலையோடு அவர் வந்துகொண்டிருந்தார். பிளாக் முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபியைக் குடித்துக்கொண்டே தோளைத் தடவியவர், அன்றைக்கு மாடு வரவில்லைதான் என்றார்.

அந்த நண்பர் இன்றுவரை எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. பேத்திக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. அவளை ஏற்றும் எந்த வண்டிக்கும், சுரங்க வாசலில் என்ன சட்டமோ அதே சட்டம்தான், அதற்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.