ஜெக்கரியா மாமாவின் தபூக் குளிர்

போன தை மாதம் எங்கள் ஊரில் அடித்த குளிரை யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடந்தது. இட்லி மாவு பொங்காததால் வீட்டுக்கு வீடு உப்புமா கிண்டி ஆண்களைப் பழிவாங்கினார்கள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில் குரங்குக் குல்லா விற்றவனுக்குச் சரக்குப் பற்றவில்லை. பனி காயாததால் அறுப்பு மெஷின்கள் வயலில் இறங்க முடியாமல் ரோட்டோரம் நின்றன.

ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்க, ஜெக்கரியா மாமா மட்டும் வெறும் கைலியும் பனியனுமாக டீக்கடைக்கு வந்து உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு குளிராடா? தபூக்குக்கு வந்து பாரு" என்பார். எனக்கு அம்மா வழியில் மாமா, பக்கத்து வீடும்கூட. சவூதியில் தபூக்குக்கு அருகே ஒரு கோதுமைப் பண்ணையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பாலைவனத்தில் ஐஸ் மழை கொட்டியதாகச் சொல்வார். "ஒட்டகத்துக்கு ஸ்வெட்டர் போட்டாங்களா மாமா?" என்று கேட்போம். கோபப்பட மாட்டார். நம்பாதவர்களிடம் பேசிப் பழகிப்போன மனுஷர்.

அவரை நம்பாதவர்களில் முதல் ஆள், வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் அம்சம் அக்கா. அது விளையாட்டு விஷயம் இல்லை. அக்காவின் புருஷன் வைத்தியலிங்கமும் மாமாவும் ஒன்றாகத்தான் தபூக் போனார்கள். அக்கா வீட்டில் பரம்பரையாக ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்றுதான் வைத்தியலிங்கம் விமானம் ஏறினார். பண்ணையில் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னல் இல்லாத தகரப் பெட்டி. பனி கொட்டிய ஒரு ராத்திரி மாமாவுக்கு மோட்டார் கொட்டகையில் வேலை. வைத்தியலிங்கம் எண்ணெய் டின்னில் கரித் தணலைப் போட்டு அறைக்குள் வைத்து, கதவு இடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டுப் படுத்தார். காலையில் மாமா வந்து எழுப்பியபோது உயிர் இல்லை.

நம்மூர் ஆளுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். இங்கே மார்கழியானால் கட்டிலுக்கடியில் தணல் சட்டி வைப்பது வழக்கம். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பூனை நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும், காற்று வந்துபோய்க்கொண்டே இருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனால், வைத்தியலிங்கத்தின் சடலத்தோடு ஊருக்கு வந்த மாமா சொன்னதை அம்சம் அக்கா ஏற்கவில்லை.

"தணல் வச்சா ஆளு செத்துருவாங்களா பாய்? நாங்களும்தான் காலங்காலமா வைக்கிறோம். யாரு செத்தா?"

"ரூமு மூடியிருந்துச்சு தங்கச்சி. அது நஞ்சுக் காத்து. வாசனையே தெரியாது."

"வாசனை தெரியாத நஞ்சா? நல்லா இருக்கு பாய் கத."

முதலாளி அடித்துக் கொன்றிருப்பான், பாய் தன் வேலைக்குப் பயந்து மறைக்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். சவப்பெட்டியைத் திறந்து முகத்தை மட்டும்தான் காட்டியிருந்தார்கள். உடம்பில் காயம் இருந்ததா, எவ்வளவு நேரம் துடித்தார், கடைசியில் யாரைக் கூப்பிட்டார்? இதையெல்லாம் மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டேதான் அக்கா குத்தகைக்கு உழுதார், மகளைப் படிக்க வைத்தார், நிலமும் வாங்கினார். மாமா லீவில் வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பார். அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. போய்விட்டு வரும் மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு மாமாவின் வீட்டில் ஜன்னல் யுத்தம் ஆரம்பித்தது. கமருன்னிஸா மாமி சாத்துவார், மாமா திறப்பார். கொசு, தூசி, பூனை என்று மாமியிடம் ஆயிரம் காரணம் உண்டு. வீட்டுக்குள் தணல் கூடவே கூடாது என்பது மாமாவின் சட்டம். மாமா தோற்றது ஒரே ஒரு அறையில்தான். மருமகன் ஃபஹத் துபாயிலிருந்து ஆசைப்பட்டுக் கேட்டதால் கட்டிய ஏசி ரூம். கண்ணாடி ஜன்னல், வென்டிலேட்டர் கிடையாது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் நஜ்மாவும் பச்சைக் குழந்தையும் இந்தக் குளிரில் அங்கேதான் படுத்திருந்தார்கள்.

குழந்தையின் பாதம் சில்லிட்டுப்போனதைப் பார்த்து மாமிக்கு மனசு கேட்கவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு மாமா படி இறங்கியதும், கொல்லையில் வெந்நீர் அடுப்பிலிருந்து தணலை அள்ளி ஒரு சட்டி நிறைய அந்த அறையில் வைத்துவிட்டார். கொஞ்சம் சாம்பிராணியும் போட்டார். குளிர்காற்று வரக் கூடாதென்று நஜ்மா கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பள்ளிவாசலிலிருந்து மாமா நேரே டீக்கடைக்குப் போய், எங்களிடம் தபூக் புராணத்தை அளந்துவிட்டு, நன்றாக விடிந்த பிறகுதான் வீடு திரும்பினார். நடையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"சாம்பிராணி எங்க போட்டே?"

"சும்மா... புள்ளைக்கு லேசா..."

"எங்க போட்டேங்கிறேன்!"

மாமி அறைக் கதவைக் கை காட்டினார். மாமா தட்டினார், மகள் பேரைச் சொல்லிக் கத்தினார். உள்ளே சத்தமே இல்லை. அவர் கத்தியது கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிய நான் உள்ளே நுழைந்த நேரம் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. மாமா கொல்லைப் பக்கமாக ஓடி, அம்மிக் குழவியால் ஜன்னலை உடைத்திருந்தார். நாங்கள் இருவரும் முட்டி மோதிக் கதவைத் திறந்தோம். நஜ்மாவை எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை. குழந்தை மட்டும் மெல்ல முனகியது. மாமா பேத்தியைத் தூக்கிக்கொண்டு, மகளை என்னை வெளியே கொண்டுவரச் சொன்னார். காரில் போட்டுத் திருவாரூருக்குப் பறந்தோம். ஆக்ஸிஜன் வைத்து, மத்தியானத்துக்கு மேல் நஜ்மா கண்ணைத் திறந்து பிள்ளை எங்கே என்று கேட்டாள். மாமி அழுத அழுகைக்கு ஆஸ்பத்திரியே திரண்டு வந்தது. மாமா அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய மறுநாள் அம்சம் அக்கா வந்தார். வயலில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அப்படியே வந்திருந்தார். குழந்தையைக்கூடப் பார்க்காமல் கட்டிலில் நஜ்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மூச்சு முட்டுச்சா?"

"இல்லத்தை."

"யாரையாச்சும் கூப்புடணும்னு தோணுச்சா? கத்த முடியாம கெடந்தியா?"

"ஒண்ணுமே தெரியலத்தை. லேசா தல கனத்துச்சு. கதகதன்னு இருந்துச்சு, தூக்கம் வந்துச்சு, தூங்கிட்டேன். அத்தா ஜன்னல ஒடச்சதுகூட எனக்குத் தெரியாது."

"வலி?"

"இல்லத்தை. வலியே இல்ல."

அக்கா நஜ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரும் இப்புடித்தான் தூங்குனாரா பாய்?"

"ஆமா தங்கச்சி. போத்துன போர்வ போத்துனபடியே இருந்துச்சு."

அக்கா உடைந்து அழுதார். பெட்டி வந்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை என்று மாமி பிறகு என்னிடம் சொன்னார். மாமாவும் தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுது ஓய்ந்ததும் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, கட்டிலோரம் கிடந்த நாற்காலியை மாமாவின் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க பாய். அவரு அங்க எப்புடி இருந்தாரு, என்ன சாப்ட்டாரு, என்னப் பத்தி என்ன பேசுனாரு? எல்லாத்தையும் சொல்லுங்க."