பிரிக்காத பெட்டி

அப்பா மஸ்கட்டில் இறந்தபோது உடலோடு ஒரு சூட்கேஸும் வந்தது. அடுத்த லீவுக்கு ஊருக்குக் கொண்டுவருவதற்காக அவர் வாங்கிச் சேர்த்திருந்த சாமான்கள் அதில் இருந்தன. எனக்கு ஒரு சிவப்பு ஃபிராக், அம்மாவுக்குச் சேலை, அண்ணனுக்கு ஒரு விமானப் பெட்டி. கடலில் இறங்கி மிதக்கிற விமானத்தின் படம் அதன் மூடியில் இருந்தது. ஜப்பான் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. உள்ளே பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, பசை தடவிச் சேர்த்து, பெயின்ட் அடித்து நாமே விமானத்தைச் செய்யவேண்டும். முந்தைய லீவுகளில் கொண்டுவந்ததையெல்லாம் அப்பாவும் அண்ணனும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சேர்ந்தே செய்திருக்கிறார்கள்.

இந்தப் பெட்டியை மட்டும் அண்ணன் பிரிக்கவில்லை. கண்ணாடித்தாள் சுற்றினபடியே அலமாரியில் வைத்தான். நான் என் ஃபிராக்கைக் கிழியும்வரை போட்டேன்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பாப்பம்" என்பான். நாகர்கோவிலில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் கணக்கு பார்த்தான். அம்மா போனபிறகு கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டான். மாடி முழுவதும் அவன் வாங்கிச் சேர்த்த விமானப் பெட்டிகள். ஏறும்போதே பசையும் பெயின்ட் தின்னரும் மணக்கும். என் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் செய்துமுடித்த விமானத்தை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் வட்டக்கோட்டைக்குக் கொண்டுபோவான். கோட்டை மதிலின்மேல் வைத்து, பின்னால் கடல் தெரியும்படி படம் எடுப்பான். சுற்றுலா வந்தவர்கள் கூடிநின்று பார்ப்பார்கள். "எங்க சார் வாங்கினது?" என்று யாராவது கேட்டால் வெட்கப்படுவான்.

படங்களை அவன் காட்டியது ஒரு இணையக் குழுவில். அந்தக் காலத்து மாடல் பெட்டிகளைச் சேர்க்கிறவர்களின் குழு அது. பெரும்பாலும் நாற்பது தாண்டிய ஆண்கள். பல நாட்டுக்காரர்கள். பெட்டிகளைச் செய்த கம்பெனிகளில் பலவற்றை மூடியாகிவிட்டது. எந்தக் கம்பெனி பிளாஸ்டிக் வார்க்கிற எந்த அச்சை யாருக்கு விற்றது, எந்தப் பெட்டியின் மூடியில் படம் மாறியது என்றெல்லாம் நாள் முழுக்கப் பேசுவார்கள். செய்முறைத் தாள் தொலைந்துபோனது என்று யாராவது கேட்டால் அண்ணன் தன்னிடம் உள்ளதை ஸ்கேன் செய்து அனுப்புவான். கடை இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுவான் என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"முகம் தெரியாத ஆளுகளோட இவ்ளோ என்ன பேச்சு அண்ணே?" என்று ஒருதரம் கேட்டேன்.

"ஒனக்குக் கொழுந்தன், நாத்தனார், சபைக்காரங்கன்னு ஆளு இருக்குலா ஏட்டி. எனக்கு இவங்கதான்" என்றான்.

அந்தக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு வேண்டப்பட்ட சிலர் வெளிநாட்டில் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். மூடிப்போன கம்பெனிகளின் பழைய மாடல்களை மறுபடியும் கொண்டுவருவது அவர்கள் திட்டம். அண்ணனிடம் இருந்த கடல்விமானத்தைத்தான் அடுத்து எடுத்திருந்தார்கள். அதன் அச்சு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தால் அளவெடுத்துப் புது அச்சு செய்துவிடலாம். உன்னிடம் இருக்கிறதே, கொஞ்சநாளைக்குக் கொடுப்பாயா, பாகங்களை வெட்டாமல் வந்தபடியே திருப்பி அனுப்புகிறோம் என்று கேட்டார்கள்.

அவன் அதைக் கூரியருக்குப் பொதிகிறபோது நான் மாடிக்குப் போனேன். பழைய துண்டில் சுற்றி, அதன்மேல் தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா வாங்குனதாச்சே" என்றேன்.

"அப்பா வாங்குனதுதான். அதுக்கென்ன, எங்கிட்ட சும்மால்லா இருக்கு. இவங்க எடுத்தா எல்லாருக்கும் கெடைக்கும்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "திரும்பி வந்துரும்ட்டி."

குழுவில் அவனுக்கு ஒரே பாராட்டு. அந்த வாரம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் போனை எடுத்து என் வீட்டுக்காரருக்கே வாசித்துக் காட்டினான்.

பிறகு மாசக்கணக்கில் தகவல் இல்லை. அவன் கேட்டபோதெல்லாம் வேலை நடக்கிறது என்று பதில் வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் போனைப் பார்த்தபடி சோற்றில் கைவைக்காமல் இருந்தான்.

"என்னண்ணே?"

"வெட்டிட்டாங்களாம்."

அளவெடுக்கச் சட்டத்திலிருந்து பாகங்களை நறுக்க வேண்டியிருந்தது, பழைய பிளாஸ்டிக் ஆனதால் சில உடைந்துவிட்டன, மிச்சம் இப்போது அனுப்புகிற நிலையில் இல்லை, புதுப் பதிப்பின் முதல் பெட்டி உனக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி இருந்தது.

"மூடியாவது தரச்சொல்லு. அப்பா கைபட்டதுல்லா" என்றேன்.

கேட்டான். மூடியின் படத்தை ஸ்கேன் செய்வதற்காகப் பிரித்து விரித்துவிட்டோம் என்று பதில் வந்தது.

நடந்ததை அவன் குழுவில் எழுதினான். எழுதுமுன் எனக்கு வாசித்துக் காட்டினான். யாரையும் திட்டவில்லை. அப்பா இறந்த கதையையும் சொல்லவில்லை. "அதையுஞ் சொல்லேன் அண்ணே" என்றதற்கு, "அது எதுக்கு அங்க" என்றுவிட்டான். வந்தபடி திருப்பித் தருவதாகச் சொன்ன பெட்டியை வெட்டிவிட்டார்கள், இனி யாரிடமாவது வாங்கினால் வெட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

முதலில் ஒன்றிரண்டுபேர் வருத்தப்பட்டார்கள். அதற்குள் பொறுப்பாளர்களில் ஒருவர், இந்தமாதிரிப் பேச்சால் கம்பெனி பயந்து பின்வாங்கினால் நஷ்டம் நம் எல்லாருக்கும் என்று எழுதினார். அதன்பிறகு காற்று திசைமாறியது. வெறும் பிளாஸ்டிக்குக்கு இத்தனை அழுகையா என்றான் ஒருவன். செய்யாமல் பூட்டிவைத்தவனுக்கு மாடல்மேல் என்ன பாசம் என்றான் இன்னொருவன். விளம்பரத்துக்காகச் செய்கிறான் என்றும் எழுதினார்கள். அண்ணனிடம் செய்முறைத் தாள் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். அவன் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினான். அது இன்னும் தப்பாகப் போனது. ஒருநாள் காலையில் போனை எடுத்தபோது குழு திறக்கவில்லை. அவனை நீக்கியிருந்தார்கள்.

அன்றைக்கும் குளித்து, சட்டையை அயர்ன் பண்ணிக் கடைக்குப் போனான். மறுவாரம் ஆராதனை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து படுத்தான். "கோட்டைக்குப் போவலியா?" என்றேன். "யாருக்குக் காட்ட?" என்றான்.

புதுப் பெட்டி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதே விமானம், அதே படம், நிறம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். அண்ணன் பெயரில் எழுத்து தப்பாக இருந்தது. அவன் கத்தியால் பிரித்து, சட்டங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான் ஏட்டி. பழசைவிட நல்லாருக்கு" என்றான். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து மூடினான். அதன்பிறகு மாடியில் பசை மணந்து எனக்கு நினைவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவன் இறந்தான். கடையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். அவனுக்கு வருசக்கணக்கில் சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டான். பெட்டிக்காகச் செத்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அந்தக் கடைசி வருசம் எங்களோடு இருந்தது வேறொரு ஆள். கேட்டதற்குப் பதில் சொல்வான், போட்டதைச் சாப்பிடுவான், போனைக் கவிழ்த்து வைத்திருப்பான்.

அடக்கத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்தக் குழுவில் இருந்தவர். அண்ணனை இரண்டொருமுறை நேரில் பார்த்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு என்னிடம் வந்து, "அந்த நேரத்துல ஞான் ஒண்ணும் எழுதல சேச்சி. எழுதியிருக்கணும்" என்றார். குழுவில் செய்தியை அவர்தான் சொன்னார்.

அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க நானும் சேர்ந்தேன். சேரும்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: நீங்கள் செய்த முதல் மாடல் எது? நான் எதுவும் செய்ததில்லை, என் அண்ணன் செய்வான் என்று எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளே வரிசையாக வட்டக்கோட்டைப் படங்கள். மென்மையான மனிதர், பெரிய கலைஞர், எங்கள் குடும்பத்தில் ஒருவர். அவனை நீக்கிய பொறுப்பாளர் எல்லாரையும்விட நீளமாக எழுதியிருந்தார். கம்பெனியும் எழுதியிருந்தது. இவர் இல்லாமல் எங்கள் கடல்விமானம் வந்திருக்காது என்று சொல்லி, கீழே அதை வாங்குவதற்கான சுட்டியைக் கொடுத்திருந்தார்கள்.

அதன் அடியில் நான் எழுதினேன். இவனை நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கியிருந்தீர்கள். அந்தப் பெட்டி இறந்துபோன எங்கள் அப்பா வாங்கியது, நீங்கள் திருப்பித் தரவில்லை. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது நான் எழுதியது அங்கே இல்லை. பொறுப்பாளர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். இது அஞ்சலிக்கான இடம், தகராறுக்கு அல்ல, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். மறுநாள் அவரே, அண்ணனின் சேகரிப்பை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் போடவில்லை. பெட்டிகள் மாடியில்தான் இருக்கின்றன. மழையில் ஓதமேறி சிலதின் மூடி உப்பிவிட்டது.

எதற்கென்று தெரியாமல் அந்தக் குழுவில் இருந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தன்னிடம் பழைய கப்பல் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருப்பதாகவும், அந்தக் கம்பெனி கேட்டிருப்பதாகவும் எழுதினார். பாராட்டுகள் குவிந்தன. நான் அவருக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதினேன், மஸ்கட் சூட்கேஸ் உட்பட. அவர் மரியாதையாகப் பதில் போட்டார். "கஷ்டமா இருக்குங்கக்கா. ஆனா நான் அவங்ககிட்ட பேசிட்டேன், நல்லவங்கதான்." மறுநாள் கூரியர் பார்சலின் படத்தைக் குழுவில் போட்டார்.

அந்தக் கப்பலின் புதுப் பதிப்பும் வந்தது. கொஞ்சநாளில் அவர் எனக்கு எழுதினார். "நீங்க சொன்ன மாதிரிதான் ஆச்சு அக்கா, என் பெட்டியும் திரும்பி வரல. ஆனா எனக்குப் பெரிசா வருத்தமில்லைங்க. ஒரு கடை மூடும்போது சும்மா வாங்கிப்போட்டதுதான். இப்ப எல்லாருக்கும் கெடைக்குதுல்ல."

அண்ணன் டேப் ஒட்டும்போது சொன்னதும் இதையேதான். இவர் சொன்னதிலும் தப்பில்லை.  "நல்லது தம்பி" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகினேன்.