ராணியின் கடைசி அத்தியாயம்

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் அவள். தளபதி ஒருவரைப் பற்றிய வறட்டுப் புத்தகத்தைத் திருத்தும்போது, "இந்த மனுஷனுக்குப் பசி, தூக்கம், பொண்டாட்டி எதுவுமே கிடையாதா?" என்று எரிச்சல் வந்து, அவருடைய வாழ்க்கையைத் தானே எழுத உட்கார்ந்தாள். முதல் புத்தகமே சக்கைப்போடு போட்டது. பிறகு வரிசையாக அரசர்களும் அமைச்சர்களும். அவள் எழுதும் மரணங்களுக்காகவே வாசகர்கள் காத்திருந்தார்கள்.

முதலில் படிப்பவர் எப்போதும் கணவர்தான். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அரசர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத் திட்டுவார். "உன் ராஜாவுக்கு நாலு அறை விட்டாத்தான் புத்தி வரும்."

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அவரை அனுப்பிவைத்தபோது, நாடிழந்த ராணி ஒருத்தியின் வரலாற்றில் சாவு மட்டும் பாக்கியிருந்தது. அவளுக்குக் கை ஓடவில்லை.

"ராணியை எத்தனை நாள் இழுத்துப் பிடிச்சு வெச்சிருப்ப? முடிச்சிடு, நான் படிக்கணும்" என்றார்.

கட்டிலருகே உட்கார்ந்து எழுதி, வாசித்துக் காட்டினாள். ராணி கடலைப் பார்த்தாள், எல்லோரையும் மன்னித்தாள், புன்னகையோடு கண் மூடினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு அழகா இருக்காதும்மா."

அவள் தாள்களைக் கீழே வைத்தாள். "எப்படி இருக்கு? சொல்லுங்க."

"நாக்கு ஒட்டிக்குது. போர்வை கல்லாட்டம் கனக்குது. எல்லாரும் குசுகுசுன்னு பேசுறீங்க பாரு, அதைத்தான் தாங்க முடியல. மாடி வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணாங்களா இல்லையா? அதையாவது சத்தமாச் சொல்லேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குமுன் அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாய்ச் சண்டையைத் தொண்டை கிழியச் சொன்னாள். அவர் போகும் வரை அந்த அறையில் யாரையும் அவள் மெதுவாகப் பேச விடவில்லை.

பல மாதங்கள் மேசைப் பக்கமே போகவில்லை. போனபோது கடைசி அத்தியாயத்திலிருந்து கடலையும் மன்னிப்பையும் அடித்துவிட்டாள். ராணியின் பணிப்பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் சொல்லிவைத்தது மட்டும் மிஞ்சியது: ராணி இருமுறை தண்ணீர் கேட்டாள், இரண்டாம் முறை குடிக்கவில்லை.

பதிப்பாளர் பதறினார். "அம்மா, ரெண்டு பக்கத்துல முடிச்சிட்டீங்களே! வாசகர்கள் இதுக்காகத்தானே வாங்குறாங்க?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் தம்பி. அப்படியே போடுங்க."

புத்தகம் முன்னவை போல விற்கவில்லை. கை தளர்ந்துவிட்டது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவள் மறு ஆண்டு வேறொரு தளபதியின் பிள்ளைப் பருவத்தை எழுதத் தொடங்கினாள்.