விசில் இல்லாத கருவி

"இடுப்பெலும்புத் தேய்மானம் காரணமாக இவ்வூழியர் குனியவோ, எடை தூக்கவோ இயலாதவர். இருக்கையில் அமர்ந்து ஆற்றும் இலகுவான பணிக்கு மட்டுமே தகுதியுடையவர்" என்று மருத்துவக் குழு முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. பதிவு அலுவலகத் தட்டச்சர் அந்தச் சான்றிதழுக்கு அலுவலகத்தில் ஒரு குறையும் வைத்ததில்லை. பென்சில் உருண்டு விழுந்தால், பக்கத்து மேஜைக்காரர் எடுத்துத் தரும்வரை அது தரையிலேயே கிடக்கும். வீட்டிலோ, கேஸ் சிலிண்டரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு அவரே போய்விடுவார். பொய் என்றும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் அவருக்கு உண்மையாகவே இடுப்பு வலித்தது.

குடியிருப்புக்குப் பின்னால் ஓர் அறையளவு வெறும் மண் கிடந்தது. நடுவில் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை. ஜன்னல் கம்பியில் பெயின்ட் டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றில் வெண்டைச் செடி வளர்த்துச் சலித்தவர் தட்டச்சர். அந்த மண்ணின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். குடியிருப்புச் செயலாளருக்கும் ஒரு கண். திங்கட்கிழமை சிமென்ட் போட்டு வண்டிகளை நிறுத்த முடிவு செய்திருந்தார். கூட்டத்தில் தட்டச்சர் எழுந்து, மண்ணைத் தனக்கு விடும்படி கேட்டார். செயலாளர் நிலாவையே தானம் செய்பவர்போலச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள நீங்களும் சாருமா அந்தக் கட்டையப் பேத்துட்டா, மண்ணு உங்களுது மேடம். ஆள் மட்டும் வைக்கக் கூடாது."

சார் என்பது தட்டச்சரின் கணவர். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். ஒப்பிட்டுப் பார்க்காமல் தீப்பெட்டிகூட வாங்காதவர். வெட்டவும் வேண்டும், தோண்டவும் வேண்டும், மனைவியின் இடுப்புக்கும் பங்கம் வரக் கூடாது என்று தூக்கத்தைத் தொலைத்துக் காணொளிகள் பார்த்து, ஒரு மடக்குக் கருவியை வரவழைத்தார். மண்வெட்டி, கோடாலி, ரம்பம், பாட்டில் திறப்பான், திசைகாட்டி, விசில் எல்லாம் அதில் இருந்தன. மயிலிறகுபோல எடை. "உனக்குன்னே பாத்து எடுத்தேன்" என்று நீட்டினார். ஞாயிறு காலை தட்டச்சர் ஓங்கி ஒரு போடு போட்டதும், கருவி மூட்டில் மடங்கி அடிக்கட்டைக்கு ஒரு கும்பிடு போட்டது. மேலே பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்த செயலாளருக்குப் புரையேறியது.

இருவரும் இரும்புக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் எல்லாக் கேள்வியையும் சாரிடமே கேட்டார்; எல்லாப் பதிலும் அம்மாவிடமிருந்தே வந்தது. விஷயம் பிடிபட்டதும், பெண்களுக்கென்றே வந்ததாகச் சொல்லி, பூப்போட்ட பிடி வைத்த சின்ன மண்வெட்டி ஒன்றைப் பயபக்தியோடு எடுத்து வைத்தார். தட்டச்சர் அதைத் தோளுக்கு மேல் தூக்கிச் சும்மா விட்டார். அது பெரிய சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்ததைத் தூக்கி விட்டார். கடைக்காரர் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கடைசியில் மூலையில் சாய்ந்திருந்த ஒன்றின் மேல் தட்டச்சரின் பார்வை போயிற்று. ஒரே தலையில் ஒரு பக்கம் கோடாலி வாய், மறு பக்கம் மண்வெட்டி வாய். தூக்கி விட்டதும் கடைத் தரை அதிர்ந்தது. ஆணி டப்பாக்கள் கிலுகிலுத்தன.

அது ரொம்பக் கனம், ஆம்பளைங்களே அலுத்துக்கறாங்க என்று கடைக்காரர் இழுத்தார்.

"கனமாத்தாங்க வேணும். தூக்கறதுதான் என் வேலை. இறங்கறது அதோட வேலை. உங்க பூப்போட்டதுக்கு ரெண்டையும் நான்ல செய்யணும்."

கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒப்பிட ஒன்றுமே அகப்படாத வருத்தத்தில், "இதுல விசில் இல்லையே" என்றார்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

கணவர் இதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க, மடங்கிப்போன கருவியில் மடங்காமல் மிஞ்சிய ஒரே உறுப்பை வாயில் வைத்துக்கொண்டு, வேர் அறும்போதெல்லாம் ஊதினார். தட்டச்சர் சேலையை ஏற்றிச் செருகி, அகன்ற வாயால் மண்ணை வாரினார். வேர் தட்டுப்பட்டால் பிடியைத் திருப்பி மறு வாயால் ஒரே போடு. பால்கனிகள் நிரம்பின. மாடியிலிருந்து யாரோ மோர் இறக்கினார்கள். நடுநடுவே கணவர் வாங்கிக் கொத்தினார். கட்டைக்கு வலித்ததோ என்னவோ, அவருக்கு வலித்தது. தட்டச்சருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு விக்கலாகி, விக்கலோடு போட்ட போடு குறி தவறி, அவரே தேடாத வேர் ஒன்றை அறுத்தது. அதற்கும் விசில்.

வெயில் தாழ்ந்தபோதும் கட்டை ஆடியதே தவிர பெயர்ந்து வரவில்லை. செயலாளர் இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார். முகத்தில் அனுதாபம், கண் மட்டும் சூரியன் மேல்.

"ஆணிவேர் மேடம். பாதாளம் வரைக்கும் போயிருக்கும். விட்டுடுங்க, பாவம் நீங்க."

"பாதாளம் வரைக்கும் எனக்கெதுக்கு தம்பி, கட்டை வரைக்கும் போதும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார்.

பொழுது சாயுமுன் தட்டச்சர் ஆணிவேரை வெட்டி, கட்டையைக் குழியிலிருந்து உருட்டி வெளியே தள்ளினார். திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்புமுன், அங்கே வெண்டை விதை ஊன்றினார்.