ஜோக் சொன்னால்தான் மிட்டாய்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது போன அக்டோபர் முப்பதாம் தேதி என் வீட்டு வாசலில் நடந்தது. என் பெயர் லீலண்ட். எனக்குக் கதை கட்டத் தெரியாது.

அயோவாவில் எங்கள் டிமாயின் ஊர்ப் பிள்ளைகள் ஹாலோவீனுக்கு முந்தின நாளே வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை. வேஷம் மட்டும் போதாது, வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிடுவோம்.

இந்த வீட்டை ஆகஸ்டில்தான் வாங்கியிருந்தோம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஆறு வயது மகள் டெஸ்ஸாவுக்குக் காலில் மாவுக்கட்டு. ஊர் சுற்ற முடியவில்லையே என்று அழுதவளுக்குச் சூனியக்காரித் தொப்பி மாட்டி, கதவோரம் உட்காரவைத்து, மிட்டாய்ச் சட்டியை மடியில் கொடுத்தேன். அப்புறம் அவள் வைத்ததுதான் சட்டம்.

6.40. வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பையன். தனியாக வந்தான்.

“ஜோக்?” என்றாள் டெஸ்ஸா.

“தெரியாது.”

“ஓசியில மிட்டாயா? போய் யோசிச்சுட்டு வாடா ராஜா,” என்றேன் நான். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

படியெல்லாம் காய்ந்த இலைகள். அவன் இறங்கிப் போனான்... ஒரு சருகுகூடச் சத்தம் போடவில்லை.

7.15. மறுபடியும் அவனே.

“இன்னும் கிடைக்கல.”

பாவமாக இருந்தது. மிட்டாயை நீட்டினேன். வாங்கவில்லை.

“ஜோக் சொன்னாதான்,” என்றான்.

8.00. விளக்கை அணைத்தேன். சமையலறையில் பால் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன்.

டொக்... டொக்... டொக்.

டெஸ்ஸா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் கேட்கவில்லை.

ஓடினேன். நாற்காலி காலி. கதவு திறந்திருந்தது. அவள் ஊன்றுகோல் தரையில் கிடந்தது.

அவள் நடுரோட்டில் நின்றாள். ஒரு கையை யாரோ பிடித்திருப்பதுபோல் நீட்டிக்கொண்டு...

கார் வெளிச்சம்.

பாய்ந்து இழுத்தேன். கார் உரசிக்கொண்டு போனது. மணி 8.03.

அவள் நீட்டியிருந்த அந்தச் சின்னக் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆர்டிஸ் அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“ஜோக் கேட்டியா லீலண்ட்? அந்த வீட்டுல யாரும் கேக்கறதில்லப்பா. எண்பத்தேழுல, உன் வாசல்லதான் ஒரு பையனை யோசிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்பினாங்க. ஒரு வழியா ஜோக் கிடைச்சு, துணியைப் போத்திக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். மணி எட்டு மூணு, ஒரு கார்...” அவர் ரோட்டைப் பார்த்தார். “உங்கிட்ட சொல்ல மறந்துட்டேனே.”

அன்று இரவு டெஸ்ஸாவிடம் மெல்லக் கேட்டேன். “அவன் என்ன ஜோக் சொன்னான் கண்ணு?”

“பாதிதான் சொன்னான்பா. அதுக்குள்ள நீ இழுத்துட்ட.” கொட்டாவி விட்டாள். “மீதியை அடுத்த வருஷம் வந்து சொல்றானாம்.”