டாங்க் நிரப்பாத காசிராஜன்

காசிராஜன் காரில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முத்துசெல்வம் பின்கதவைத் திறந்து பிடிப்பான். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இரண்டு பேராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இவர் ஒரு காலை உள்ளே வைப்பார். கார் என்னவோ மூன்று கை மாறி வந்தது. கதவுகளின் அடியில் துரு தேமலாகப் படர்ந்திருந்தது. பைக் கடை முதலாளிக்குக் கார் வேண்டுமென்று வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஓட்டுகிறவன் டிரைவர், உட்காருகிறவன் முதலாளி என்பது அவர் கட்சி.

முத்துசெல்வம் அவர் மனைவி சண்முகவடிவின் தம்பி. சம்பளம் கேட்டால், "சோறு போடுதேன்லா" என்பார் காசிராஜன்.

பெட்ரோல் பங்கில் அவர் ஒரு நோட்டைப் பிரிய மனமில்லாமல் நீட்டுவார். பெட்ரோல் முள் பாதியைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் தாண்டியது. ஊர்க்காரர் சங்கத் தலைவர் பிரம்மநாயகத்தை சான்பாடாவில் ஒரு காதுகுத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது, தலைவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று, "ஃபுல் பண்ணு" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் இறங்கிப் போய்ச் சாவி போட்டுப் பார்த்தார். முள் முக்காலில் நின்றது.

"நின்ன வண்டியில பெட்ரோல் எங்கலே போச்சு?"

முத்துசெல்வத்தை வாசலில் நிறுத்திக் கையை மோந்து பார்த்தார். பிறகு, "வாயத் தொற" என்றார். குழாய் போட்டு உறிஞ்சினானா என்று சோதிக்கிறாராம். உள்ளே சண்முகவடிவு மிக்ஸியை நிறுத்தினாள். மீசை வைத்த ஆண்பிள்ளை, தெரு பார்க்க, பல் டாக்டரிடம் போனவன்போல வாயைத் திறந்து நின்றான்.

"வாடையே இல்ல. நல்லா தேய்ச்சுக் கழுவிருக்கான்" என்றார் காசிராஜன். "சாயந்திரம் சங்கத்துல சொல்லிருதேன். கள்ளப்பயலுக்கு எவன் வேலை குடுக்கான்னு பாப்போம்."

சண்முகவடிவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு மரியாதை வேண்டும். அது தீர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சங்கத்தில் இந்தப் பேச்சு விழுந்தால் தாராவியிலோ செம்பூரிலோ தம்பிக்கு இனி ஸ்டியரிங் கிடைக்காது.

"ஒழுகியிருக்கும்" என்றாள்.

"ஒழுகுனா தரையில கெடக்காதா?"

"ராத்திரி பூரா மழ. தரையில என்ன மிஞ்சும்? ராஹில்ட்ட காட்டுவோம்."

ராஹிலின் கராஜ் மாஹிம் பக்கத்துச் சந்தில் இருந்தது. அவன் காருக்கு அடியில் படுத்து, குழாய் குழாயாகத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"கீழ எல்லாம் சுக்கா காஞ்சு கெடக்கு சேட். ஓட்டை மேல இருக்கும். டாங்கை ஃபுல் பண்ணிட்டு வாங்க, தெரிஞ்சிரும்."

"கள்ளனப் பிடிக்க அவங்கிட்டயே இன்னும் பெட்ரோல ஊத்தணுமோ? நல்ல கதையா இருக்கே."

மச்சினனைத் திருடன் என்று சொல்ல அவருக்குச் செலவில்லை. இல்லை என்று பார்ப்பதில்தான் செலவு. சண்முகவடிவு தன் கைப்பையோடு முன் சீட்டில் ஏறினாள். பங்கில், கணவர் சொன்ன அதே தோரணையில், "ஃபுல் பண்ணு" என்றாள்.

திரும்பி வந்து நிறுத்தியதும் பின்சக்கரத்துக்கு உள்பக்கமிருந்து சொட்டத் தொடங்கியது. ராஹில் டார்ச் அடித்துக் காட்டினான். மூடியிலிருந்து டாங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் குழாய், டாங்கைச் சேரும் இடத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"முள்ளு முக்காலுக்கு வந்தா தானா நின்னுரும். பாதி டாங்குல ஓட்டுனா ஜிந்தகி பூரா தெரியாது. பாவம், இந்த ரப்பரு இதுவரைக்கும் பெட்ரோலையே பாத்ததில்ல போல."

காசிராஜன் குனிந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்ப எதுக்கு மாத்தணும்? பாதிக்கு மேல போடாம இருந்தா போதும்லா?"

"மாத்துங்க பாய்" என்றாள் சண்முகவடிவு.

ராஹில் வேறொரு மெல்லிய குழாயை டாங்கில் விட்டு, வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோலைக் கேனில் இறக்கினான், காறித் துப்பினான். அவன் வாயை யாரும் மோந்து பார்க்கவில்லை. புதுக் குழாயைச் செருகி இரு முனையிலும் கிளாம்பை முறுக்கி, இறக்கியதைத் திரும்ப ஊற்றினான். இணைப்பைத் துடைத்த துணி காய்ந்தே இருந்தது. கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

காசிராஜன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"சரி மாப்ள, வண்டிய எடு. கடைக்கு நேரமாச்சு."

முத்துசெல்வம் சாவியோடு நின்றான். அத்தான் இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்திருந்தான்.

"என்னலே முழிக்க? அதான் ஒழுகிருக்குன்னு தெரிஞ்சு போச்சுல்லா. பின்ன என்ன?"

சண்முகவடிவு தம்பி கையிலிருந்து சாவியை வாங்கிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வண்டி உங்களுது. நீங்களே ஓட்டிட்டு வாங்க."

"ஏட்டி, வெளையாடாத."

"இவன் விக்ரோலியில கம்பெனி பஸ் ஓட்டப் போறான். ரொம்ப நாளா கூப்பிடுதாங்க, நாந்தான் அனுப்பாம இருந்தேன். சங்கத்துல சொல்லதா இருந்தா இதையும் சேத்துச் சொல்லுங்க."

அக்காளும் தம்பியும் மாஹிம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். காசிராஜன் சந்தின் இரு முனையையும் பார்த்தார். பின்கதவைத் தானே திறந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியில்லாமல் ஒரு டெம்போ பின்னால் வந்து ஹாரன் அடித்தது. "சேட், காடி ஹடாவ்" என்று வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினான் அதை ஓட்டியவன். முழு டாங்க் பெட்ரோலுக்கு மேல் அமர்ந்தபடி, காசிராஜன் யாருக்கோ காத்திருப்பவரைப் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.