கிளிப் போட்டு மூடிய பக்கம்

லொரெய்ன் மிஸ் போய்விட்டார். காலையில் பேத்தி யாழினிக்கு மெசேஜ் வந்தது...

உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் கிச்சனுக்குமாக நடக்கிறேன். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி வந்து ஒரு வரி. எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே அமெரிக்காவில், ட்ரென்டன் ஊரில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைதோறும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தியவர் அவர். வாசிப்போடு ஆப்பிரிக்க வரைபடம், பாட்டு, முன்னோர் வந்த கதை எல்லாம் உண்டு.

யாழினி அங்கே வாலண்டியர். வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நானும் காரில் தொற்றிக்கொண்டேன்.

முதல் நாளே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். யாழினி சொன்னாள்: "தாத்தா, இங்க சும்மா உட்கார அலவ்டு இல்லையாம். எல்லாரும் படிக்கணும். லேங்குவேஜ் உங்க சாய்ஸ்."

எழுபத்தொரு வயது வரை கைநாட்டு நான்!

மருமகள் அ, ஆ எழுதிக் கொடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளைகளின் மேசையில், முட்டி இடிக்க இடிக்க, நானும் உட்கார்ந்தேன்.

மிஸ்ஸுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் என் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கேட்பார். ஒருநாள் கஷ்டமான வார்த்தை ஒன்றை முழுங்கிவிட்டு நகரப் பார்த்தேன். விரல் நகரவில்லை. "நோ நோ, அங்கிள். யூ ஸ்கிப்ட்."

எப்படித்தான் தெரிந்ததோ... பக்கத்துச் சிறுமி அப்படிச் சிரித்தாள்.

வகுப்பு முடிகிறபோது ஒரு வழக்கம். பிள்ளைகள் ஒரு தடித்த நோட்டில் தாங்களே எழுதி வைத்த பெயரை வாசித்து, ஜன்னலோரச் செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். எல்லாரும் "அஷே" என்பார்கள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாம்.

பெரிய மனிதர்களின் பெயர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவன், எனக்காவது புரிந்திருக்க வேண்டும். செடிக்கு ஊற்றியதால் ஏமாந்துபோனேன்.

மனதிலிருந்து ஒரு பெயரை முழுதாக எழுத வந்த அன்று, சந்தோஷம் தாங்கவில்லை. யாரையும் கேட்காமல் அந்த நோட்டை எடுத்து எழுதிவிட்டேன். லொரெய்ன். தமிழில், பக்கம் கொள்ளாமல்.

யாழினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "தாத்தா! அது செத்துப்போனவங்க புக்!"

 அழிக்கப் போனேன். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நாட் யெட், அங்கிள்! நாட் யெட்!"

அழிக்க விடவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு கிளிப் போட்டு மூடி வைத்தார்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் கண்டதும் "ஸ்டில் ஹியர்!" என்று கையைத் தூக்குவார். போன சனிக்கிழமையும் தூக்கினார்...

நான் எழுதியதால்தானோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. "ஹார்ட் அட்டாக்ப்பா. நீங்க எழுதினதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் உட்காருங்க" என்கிறான் மகன். சரிதான். கால் கேட்கமாட்டேன் என்கிறது.

மதியம் சர்ச்சிலிருந்து போன். சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்களாம். கிளிப்பை எடுக்கப்போகிறார்களாம்.

அந்தப் பக்கத்தை அங்கே யாராலும் வாசிக்க முடியாது. யாழினிக்கும் தமிழ் படிக்க வராது.

"இங்கிலீஷ்ல புதுசா எழுதிக்கச் சொல்லும்மா" என்று நழுவப் பார்த்தேன்.

"மிஸ்ஸே மூடி வச்ச பேஜ் தாத்தா. கிட்ஸ் ஒத்துக்கவே மாட்டாங்க. யூ ஹாவ் டு கம்."

நாலே எழுத்து. மதியத்திலிருந்து ஒரு தாளில் எழுதி எழுதி வாசித்துப் பார்க்கிறேன். இரண்டாவது எழுத்திலேயே நின்றுவிடுகிறேன். மறுபடி நடக்கிறேன்.

மிஸ்... சனிக்கிழமை வருகிறேன்.

ஸ்கிப் பண்ண மாட்டேன்.